லாரி நிற்கும் கான்கிரீட் தளம்: எத்தனை இன்ச் என்று கேட்பதற்கு முன்னால்

"சார், பத்து டாரஸ் நிக்கிற மாதிரி ஒரு யார்டு போடணும். ஆறு இன்ச் போதுமா, எட்டு இன்ச் போடணுமா?"

மாதவரம், செங்குன்றம் பக்கம் லாரி வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக இதுதான். அடுத்தது, "கம்பி சிங்கிளா, டபுளா?" அப்புறம் கான்கிரீட்டின் தரம் பற்றி, "எம் 30-ஆ, எம் 40-ஆ?" மூன்றுமே நியாயமான கேள்விகள். ஆனால் பதில் சொல்ல எனக்கு வேறு சில விவரங்கள் வேண்டும். அடியில் என்ன மண், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், வண்டிகள் எங்கே திரும்பும் என்று நான் திருப்பிக் கேட்டால், பேச்சு கொஞ்ச நேரம் நின்றுவிடுகிறது.

பத்து இன்ச் கனத்தில், இரண்டு அடுக்குக் கம்பி கட்டிப் போட்ட தளம் இரண்டாவது மழைக்காலத்திலேயே மூலை மூலையாக உடைந்ததைப் பார்த்திருக்கிறேன். எட்டு இன்ச்சில் போட்ட தளம் பத்து வருஷமாக அசையாமல் கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கட்டுமானத் தொழிலில் இல்லாதவர்களுக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

## அப்பளமும் தட்டும்

பொரிக்காத ஓர் அப்பளத்தை எடுத்து, சமமான தட்டின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஒன்றும் ஆகாது. அதே அப்பளத்தைப் பாதி தட்டிலும் பாதி வெளியிலுமாக வைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்தை அழுத்துங்கள். பட்டென்று ஒடிந்துவிடும். அப்பளமும் அதேதான், விரலும் அதேதான். அடியில் தாங்க ஏதும் இல்லாத இடத்தில் ஒடிந்தது.

வண்டி நிற்கும் தளம் அந்த அப்பளம் மாதிரி. வீட்டின் மொட்டைமாடித் தளத்தோடு இதைக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிப் பிரச்சினை ஆரம்பிக்கிறது. மாடித் தளம் சுவருக்குச் சுவர், உத்திரத்துக்கு உத்திரம் அந்தரத்தில் பாலம் போல நிற்கிறது. எடையைத் தாங்குவது அதுவேதான். தரையில் படுத்திருக்கும் தளத்துக்கு அந்த வேலை இல்லை. சக்கரம் ஓரிடத்தில் இறக்கும் எடையை வாங்கி, பரப்பி, மண்ணிடம் ஒப்படைப்பதே அதன் வேலை. சேற்றில் நடக்கப் பலகை போடுகிறோமே, அது மாதிரி. கால் வைத்தால் புதையும் சேறு, பலகை போட்டால் ஆளையே தாங்குகிறது.

## எடை எப்படி இறங்குகிறது

வண்டியின் மொத்த எடை 28 டன் என்று சொன்னால் அதை வைத்துத் தளத்தைத் திட்டமிட முடியாது. தளத்துக்குத் தெரிவது சக்கரம்தான். ஓர் அச்சின் வழியாகத் தரைக்கு வரும் எடைக்கு அச்சுச் சுமை என்று பெயர். 2018-ல் மத்திய அரசு வரம்பை உயர்த்தியபோது, நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன் என்றிருந்தது 11.5 டன் ஆனது. அப்படியானால் ஒரு டயருக்கு ஏறக்குறைய 2.9 டன். லாரி டயரின் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 8 கிலோ. வகுத்துப் பார்த்தால், ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு 360 சதுர சென்டிமீட்டர் அளவில் வரும். ஏ4 தாளை இரண்டாக மடித்தால் கிடைக்கும் பாதியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அவ்வளவு சின்ன இடத்தில் கிட்டத்தட்ட மூன்று டன்!

அதிக பாரம் ஏற்றினால் என்ன ஆகும்? அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை, சோதனைக்கென்றே சாலைகள் போட்டு லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். அச்சுச் சுமை கூடும்போது சேதம் நேர்விகிதத்தில் கூடுவதில்லை, ஏறக்குறைய நான்காம் அடுக்கில் கூடுகிறது என்பது அதில் தெரிந்தது. 11.5 டன் ஏற வேண்டிய அச்சில் 14 டன் ஏற்றினால் பாரம் கூடியது 22 சதவீதம்தான். சேதமோ இரண்டு மடங்குக்கு மேல். அதனால் திட்டம் போடும் நாளில், சட்டப்படி எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், உங்கள் யார்டுக்கு நிஜமாக வரும் பாரத்தை மறைக்காமல் சொல்லுங்கள். அந்தக் கணக்கு வெளியே எங்கும் போகப்போவதில்லை.

நிற்கும் பாரம் வேறு கதை. இழுக்கும் வண்டியைக் கழற்றிவிட்டு ட்ரெய்லரை மட்டும் நிறுத்தினால், முன்பாதி எடை இரண்டு இரும்பு ஊன்றுகால்களில் இறங்கும். கன்டெய்னரை நேரடியாகத் தரையில் வைத்தால் இன்னும் கடுமை. அதிகபட்ச பாரமான 30.48 டன்னோடு ஒரு கன்டெய்னர் நான்கு மூலைகளில் உட்கார்ந்தால், மூலைக்கு 7.6 டன். அந்த மூலை இரும்பின் அடிப்பரப்பு சுமார் 18-க்கு 16 சென்டிமீட்டர்தான். டயர் தரும் அழுத்தத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அதற்கேற்பக் கூடும். கன்டெய்னர் அடுக்கும் யார்டு என்றால், இந்தக் கட்டுரையோடு நிற்காமல் தனியாக வடிவமைப்பு செய்தே ஆக வேண்டும்.

சுருக்கமாக: தளம் எடையைப் பரப்புகிறது, மண் தாங்குகிறது. கணக்கில் வர வேண்டியது வண்டியின் மொத்த எடையைவிட, ஒரு சக்கரமோ ஒரு காலோ ஓரிடத்தில் இறக்கும் எடை.

## அமுக்கினால் தாங்கும், வளைத்தால் தாங்காது

சாக்பீஸை இரண்டு முனையிலும் பிடித்து நேராக அமுக்கினால் லேசில் உடையாது. வளைத்தால் உடனே ஒடியும். கான்கிரீட்டின் சுபாவமும் இதுதான்.

எம் 30 என்பதில் உள்ள 30, அமுக்கத்தைத் தாங்கும் திறன். 15 சென்டிமீட்டர் கட்டியாக வார்த்து, 28 நாள் கழித்து நசுக்கிப் பார்க்கும்போது சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் தாங்க வேண்டும். அதே கான்கிரீட்டை வளைத்தால் தாங்குவது நாலு நியூட்டன்கூட இல்லை, எட்டில் ஒரு பங்குதான். லாரி ஏறியதால் நசுங்கிப்போன தளத்தை நான் பார்த்ததில்லை. வளைந்து ஒடிந்தவைதான் எல்லாம்.

எங்கே அதிகமாக வளையும்? 1926-லேயே வெஸ்டர்கார்ட் என்ற பொறியாளர் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். சக்கரம் தளத்தின் நடுவில் நின்றால் சுற்றிலும் உள்ள கான்கிரீட் கைகொடுக்கிறது. ஓரத்தில் நின்றால் ஒரு பக்கம் உதவிக்கு ஆள் இல்லை. மூலையில் நின்றால் இரண்டு பக்கமும் இல்லை. அங்கே தளம் கொஞ்சம் கீழே வளைய, மேல்பரப்பு இழுபட்டு விரிசல் விடுகிறது. நீங்களே கவனித்திருப்பீர்கள், உடைந்த யார்டுகளில் மூலைகள்தான் முக்கோணமாகக் கழன்று கிடக்கும்.

இப்போது கம்பி விஷயம். மாடித் தளத்தில் கம்பி இல்லாவிட்டால் தளமே விழுந்துவிடும். தரைத் தளத்தில் சாதாரணமாகப் போடும் கம்பி வலை தாங்கும் சக்தியை அப்படிக் கூட்டிவிடாது. விரிசல் விட்டால் அது வாய் பிளக்காமல் இறுக்கிப் பிடிப்பதற்குத்தான் அது. ஆகவே அதன் இடம் கனத்தின் மேல்பாதியில். மேலிருந்து இரண்டு இன்ச் கீழே என்று வைத்துக்கொள்ளலாம். நடைமுறையில் நடப்பது என்ன? கம்பியைத் தரையில் விரித்துவிட்டு, "ஊத்தும்போது தூக்கி விட்டுக்கலாம் சார்" என்பார்கள். ஆட்கள் மிதித்து மிதித்து அது அடியிலேயே படுத்துவிடும். அதற்குக் கொடுத்த பணம் மண்ணில் போட்ட பணம்தான். கம்பியை உயரத்தில் நிறுத்தும் நாற்காலிக் கம்பிகளை முதலிலேயே கட்டச் சொல்லுங்கள்.

## மூலைக்கு அடியில் நடப்பது

மழை பெய்து ஓய்ந்த பிறகு நடைபாதையில் ஆடும் கல்லை மிதித்தால், சேற்றுத் தண்ணீர் பீச்சி அடித்து வேட்டியை நனைக்கும். சென்னையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லாரித் தளம் கெடுவதும் இதே வழியில்தான்.

மணலி பக்கம் ஒரு யார்டு, டிசம்பர் மாதக் காலை. பாரம் ஏற்றிய ட்ரெய்லர் ஒன்று மெதுவாக உள்ளே வந்தது. பின்சக்கரங்கள், தளத்தின் இரண்டு கட்டங்கள் சேரும் இணைப்புக் கோட்டைத் தாண்டியபோது, கோடு நெடுக சாம்பல் நிறத் தண்ணீர் ஒரு முழ உயரத்துக்குச் சீறியது. சக்கரம் ஏறிய பக்கம் தளம் தாழ்ந்து, போனதும் மெல்ல எழும்புவதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. இரும்புக் கம்பியால் தட்டினேன். நடுவில் 'டங்' என்றது. மூலைக்கு வர வர 'தொப், தொப்' என்று குடத்தைத் தட்டுவது போல ஒலித்தது. அந்த மூலையை வெட்டி எடுத்தோம். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு வெற்றிடம். கையை விட்டால் முழங்கை வரை உள்ளே போனது. விரலில் ஒட்டி வந்தது மாவு மாதிரி நைசான களிமண். வெட்டி எடுத்த கான்கிரீட்டோ நல்ல தரம், பளிச்சென்று இறுகியிருந்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

இதற்கு மண் பீச்சல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். இணைப்பு வழியே தண்ணீர் இறங்குகிறது, அடியில் உள்ள நைசான மண் கரைகிறது, சக்கரம் ஏறும்போதெல்லாம் அந்தக் குழம்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளப்படுகிறது. ஆயிரம் தடவை ஏறினால் அடியில் தட்டு காலி. அப்புறம் அப்பளம் ஒடியத்தானே செய்யும்?

சுருக்கமாக: மண் பீச்சலுக்கு மூன்று வேண்டும்: தண்ணீர், நைசான மண், திரும்பத் திரும்ப வரும் பாரம். பாரத்தை நிறுத்த முடியாது, அதற்காகத்தான் யார்டே. மற்ற இரண்டையும் தடுப்பதுதான் திட்டமிடல்.

## அடியில் என்ன இருக்கிறது

சென்னை முழுக்க ஒரே மண் இல்லை. தொண்டையார்பேட்டை, திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் மணல். கிண்டி, வேளச்சேரி பக்கம் பாறை. பெரம்பூர், விருகம்பாக்கம் என்று உள்ளே வந்தால் களி. களிமண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். ஏப்ரலில் காய்ந்து கல் மாதிரி கெட்டியாக இருக்கும் அதே இடத்தில் நவம்பரில் செருப்பு ஒட்டிக்கொள்ளும். கோடையில் இடத்தைப் பார்த்துவிட்டு, "தரை நல்லா கெட்டியாத்தான் இருக்கு" என்று முடிவு செய்பவர்கள் ஏமாறுவது இப்படித்தான்.

அதனால்தான் மண்ணை நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்த பிறகு சோதிக்கிறார்கள். சி.பி.ஆர் என்று அதற்குப் பெயர். ஓர் இரும்புத் தண்டை மண்ணுக்குள் அழுத்தும்போது அது எவ்வளவு எதிர்ப்புக் காட்டுகிறது என்பதை நல்ல உடைகல்லோடு ஒப்பிட்டு சதவீதத்தில் சொல்வது. ஊறிய களிமண் 2 அல்லது 3 சதவீதம் காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். மொத்தச் செலவில் இந்தச் சோதனைக்கு ஆகும் பணம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் விடாமல் செய்ய வைக்க நான் மன்றாட வேண்டியிருப்பது இதற்குத்தான்.

செடி வேர், குப்பை, மேல்மண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நல்ல கிராவல் மண்ணை ஆறு ஆறு இன்ச்சாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, ரோலர் விட வேண்டும். மூன்றடியை ஒரேயடியாகக் கொட்டி மேலே மட்டும் ரோலர் ஓட்டினால் அடிமண் இறுகாது. கட்டட இடிபாடுகளைக் கொட்டி நிரப்புவது நம் ஊரில் சகஜம். மலிவுதான், ஆனால் செங்கல், ஸ்லாப் துண்டுகளுக்கு நடுவே பொந்துகள் இருக்கும். வருஷக்கணக்கில் மெதுவாக உள்வாங்கிக்கொண்டே போகும். என் இடத்தில் நான் போட மாட்டேன்.

இறுகிவிட்டதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பாரம் ஏற்றிய லாரியை ஆள் நடக்கும் வேகத்தில் ஓட்டி, பின்சக்கரத்தின் பக்கத்திலேயே நடந்து வாருங்கள். எங்கே தரை மெத்தை மாதிரி அலையடிக்கிறதோ, அங்கே தோண்டிச் சரிசெய்ய வேண்டும். ஆய்வகச் சோதனைக்கு இது மாற்று இல்லை, ஆனாலும் பலவீனமான இடத்தை அப்படியே காட்டிக்கொடுக்கும்.

அதற்கு மேல் ஆறு முதல் எட்டு இன்ச் வெட்மிக்ஸ். அதாவது பல அளவு ஜல்லியும் ஜல்லித்தூளும் தண்ணீரும் கலந்து, ரோலரால் இறுக்கிய அடுக்கு. பாரம் அதிகமென்றால் இதன் மேல் நான்கு இன்ச்சுக்கு மெலிந்த கான்கிரீட்டும், அதாவது சிமென்ட் குறைத்துக் கலந்த கான்கிரீட்டும், போடுவார்கள். நைசான மண் மேலே வராமல் தடுப்பது இந்த அடுக்குகள்தான். கடைசியாக பாலித்தீன் தாள். வெயிலில் நீண்டு, குளிரில் சுருங்கும் கான்கிரீட் அடியோடு ஒட்டிக்கொள்ளாமல் வழுக்கி நகர அது உதவும்.

## தண்ணீருக்கு வழி

சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. நூறு அடிக்கு ஓர் அடி சரிவு இருந்தால் தண்ணீர் ஓடும், வண்டியும் உருளாது. சரிவைத் தளத்தில் மட்டும் கொண்டுவரப் பார்க்காமல், அடிமண்ணிலிருந்தே கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் எட்டு இன்ச், மறுபக்கம் ஐந்து இன்ச் என்று கனம் போய்விடும்.

வாசல் சாலையின் மட்டத்தை அளந்த பிறகே தளத்தின் உயரத்தை முடிவு செய்யுங்கள். சாலை ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்படும்போதும் உயர்ந்துகொண்டே போவது நமக்குத் தெரிந்ததுதானே? வடிகாலுக்குப் போகும் முன் ஓர் எண்ணெய்த் தடுப்புத் தொட்டியும் வேண்டும். தண்ணீர் அடியிலும் டீசலும் ஆயிலும் மேலேயும் பிரிந்து நிற்க, அடித் தண்ணீர் மட்டும் வெளியேறும் தொட்டி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, மீனவர்களின் வலையும் படகும் கறுத்துப்போனதை மறந்திருக்க மாட்டோம். நம் யார்டிலிருந்து போவது சில லிட்டர்தான் என்றாலும், போய்ச் சேரும் இடம் ஏதோவொரு நீர்நிலைதான்.

## மைசூர்பாகும் இணைப்புக் கோடும்

கான்கிரீட் இறுகும்போது சுருங்கும். தடுக்க முடியாது. வறண்ட ஏரி பாளம் பாளமாக வெடிப்பது போல அதுவும் வெடிக்கும். எங்கே வெடிக்க வேண்டும் என்று நாம் சொல்லி வைக்கலாம், அவ்வளவுதான். குறிப்பிட்ட இடைவெளியில் பள்ளமாக அறுத்து வைத்தால், விரிசல் அந்தப் பள்ளத்துக்கு அடியில் நேர்கோட்டில் விழும். இதுதான் சுருக்க இணைப்பு.

எட்டு இன்ச் தளத்துக்கு 4.5 மீட்டர், அதாவது பதினைந்து அடிக்கு ஒரு கோடு சரி. கட்டங்கள் கூடியவரை சதுரமாக இருக்கட்டும். நீளம் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்ட வேண்டாம். அறுக்கும் ஆழம் கனத்தில் கால்வாசி முதல் மூன்றிலொரு பங்கு வரை.

எப்போது அறுப்பது? மைசூர்பாகு கிளறித் தட்டில் கொட்டியவர்களுக்குத் தெரியும். ரொம்பச் சூட்டில் கத்தி போட்டால் கோடு மூடிக்கொள்ளும். ஆறவிட்டுப் போட்டால் உதிரும். நடுவில் ஒரு பதம் இருக்கிறது. கான்கிரீட்டிலும் ஓரம் உதிராத அளவுக்கு இறுகியதும் அறுத்துவிட வேண்டும். சென்னைக் கோடையில் அது நாலு மணி நேரத்திலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். "நாளைக்குக் காலையில ஆளு வருவாங்க" என்றால், ராத்திரியே தளம் தனக்குப் பிடித்த இடத்தில் வெடித்திருக்கும்.

கோடு போட்ட இடம் பலவீனமாகாதா? ஆகும். அங்கே ஒரு பக்கத்துப் பாரத்தை மறுபக்கத்துக்குக் கடத்துவதற்குத்தான் டவல் கம்பி. வழவழப்பான உருண்டைக் கம்பி, எட்டு இன்ச் தளத்துக்கு 25 மில்லிமீட்டர் தடிமனில், அடிக்கு ஒன்று. ஒரு பாதி கான்கிரீட்டைப் பிடித்திருக்கும். மறுபாதியில் கிரீஸ் தடவியிருக்கும், தளம் சுருங்கும்போது வழுக்கிக்கொடுக்க. முறுக்குக் கம்பியை இங்கே போட்டால் இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டு, கோடு வேலை செய்யாது. தூண், மேன்ஹோல், வடிகால் சுவர் இவற்றைச் சுற்றி அரை இன்ச் அட்டை வைத்துத் தளத்தைத் தனியாகப் பிரித்துவிடவும் வேண்டும்.

சுருக்கமாக: விரிசலுக்கு நாமே இடம் ஒதுக்குகிறோம், டவல் கம்பியால் பாரத்தைக் கடத்துகிறோம், கோட்டின் மேலே சீலன்ட் என்ற அடைப்புப் பசை போட்டுத் தண்ணீரை அடைக்கிறோம்.

## ஊற்றும் நாள்

நூறுக்கு அறுபது அடி யார்டு, எட்டு இன்ச் என்றால் சுமார் 113 கன மீட்டர். ஆறு கன மீட்டர் ரெடிமிக்ஸ் வண்டி பத்தொன்பது நடை. ஒரே நாளில் முடிக்கத் துடிக்காமல், பட்டை பட்டையாகப் பிரித்து ஊற்றலாம். வெயிலுக்கு முன் விடியற்காலையில் ஆரம்பிப்பது நல்லது.

அன்று நீங்கள் காவல் காக்க வேண்டியது தண்ணீரை. "இழுக்க வரல, கொஞ்சம் தண்ணி விடுண்ணே" என்று ஆட்கள் கேட்பார்கள், ஓட்டுநரும் குழாயைத் திறப்பார். எம் 30-க்கு சிமென்ட் எடையில் 0.45 பங்குக்கு மேல் தண்ணீர் கூடாது. கூடுதலாக விட்ட தண்ணீர் பின்னால் ஆவியாகி, அந்த இடம் நுண்துளையாக நிற்கும். வலிமை குறையும், மேல்பரப்பு சீக்கிரமே தூசி கிளப்பும். இளக்கம் வேண்டுமென்றால் அதற்கான ரசாயனக் கலவையை ரெடிமிக்ஸ்காரரிடமே சேர்க்கச் சொல்லலாம். மேலே துடைப்பத்தால் வரி இழுத்து விடுங்கள், மழையில் டயர் வழுக்காது. அப்புறம் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது அல்லது ஈரச் சாக்கு போர்த்துவது, பதினான்கு நாள்.

## சரி, எத்தனை இன்ச்?

மேலே சொன்னதெல்லாம் ஒழுங்காக இருந்தால், சட்டப்படியான பாரத்தோடு வரும் ஆறு சக்கர, பத்து சக்கர லாரிகளுக்கு எட்டு இன்ச், எம் 30 போதுமானதாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம். பாரம் ஏற்றிய ட்ரெய்லர்கள் தினமும் நிறைய வந்து திரும்பினால் பத்து இன்ச்சும் எம் 40-ம் யோசியுங்கள். இறுதி முடிவை மண் சோதனை அறிக்கையோடு ஒரு பொறியாளர் எடுக்கட்டும். வாசலிலும் வெளி ஓரங்களிலும் மட்டும் இரண்டு இன்ச் கூட்டுவது நல்ல யோசனை, ஏனென்றால் உதவிக்கு ஆள் இல்லாத ஓரங்கள் அவைதான். கையில் இருக்கும் பணத்தில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், கனத்தில் இரண்டு இன்ச் கூட்டுவதைவிட அடிமண்ணையும் வடிகாலையும் சரிசெய்யச் சொல்வேன்.

28 நாள் வரை வண்டியை ஏற்றாதீர்கள். ட்ரெய்லரைக் கழற்றி நிறுத்தும்போது ஊன்றுகாலுக்கு அடியில் தடித்த மரக்கட்டை கொடுங்கள். முதல் மழைக்காலம் முடிந்ததும், கையில் ஓர் இரும்புக் கம்பியோடு இணைப்புக் கோடுகளில் ஒருமுறை நடந்து வாருங்கள். கோட்டின் இரு பக்கமும் சேற்றுக் கறை படிந்திருக்கிறதா, மூலையில் தட்டினால் 'டங்' என்கிறதா, 'தொப்' என்கிறதா என்று பாருங்கள். 'தொப்' என்ற மூலையை அந்தக் கோடையிலேயே துளையிட்டு, சிமென்ட் பாலை அழுத்திச் செலுத்தி நிரப்பிவிட்டு, சீலன்ட் பிரிந்த இடங்களையும் அடைத்துவிடலாம். இன்னொரு மழைக்காலம் விட்டால் அந்த மூலையை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.